ஒரு வன்தட்டும் மூன்று கணினிகளும்: பாட்டியின் குரலைத் தொலைத்துக் கற்றுக்கொண்டவை

எங்கள் வீட்டில் மூன்று கணினிகள் இருக்கின்றன. அப்பா பயன்படுத்தும் மேசைக்கணினியில் விண்டோஸ் ஓடுகிறது. என் கணவரிடம் இருப்பது மேக் மடிக்கணினி. நான் வேலை செய்யும் மடிக்கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 2 டெராபைட் கொள்ளளவுள்ள வெளிப்புற வன்தட்டு ஒன்றை வாங்கினோம். குடும்பப் புகைப்படங்கள், காணொளிகள் என்று ஏறக்குறைய 900 ஜிகாபைட் அதில் சேர்ந்தது. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாக இருந்தவை 312 ஒலிப்பதிவுகள். பாட்டி மறைவதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில், அவர் சொன்ன கதைகளையும் பழைய நினைவுகளையும் பாடிய தாலாட்டுகளையும் நான் உட்கார்ந்து பதிவுசெய்தவை அவை. அந்த 312 பதிவுகளில் 41 இன்று என்னிடம் இல்லை. இனி அவை கிடைக்கவும் போவதில்லை. மூன்று கணினிகளுக்கு நடுவே கோப்புகளைப் பகிர்வது இத்தனை பெரிய காரியமா என்று முன்பு நானும் நினைத்தவள்தான். யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேனே என்ற ஏக்கத்தில், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கடையிலிருந்து வந்தபோது அந்த வன்தட்டு என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் இருந்தது. கோப்பு முறைமை என்பது ஒரு வட்டில் எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது, அதன் பெயர் என்ன, எந்தெந்தத் துண்டுகளில் கிடக்கிறது என்பதையெல்லாம் எழுதிவைக்கும் கணக்குமுறை. அந்தக் கணக்கை வாசிக்கத் தெரியாத கணினிக்கு, நிறைந்து கிடக்கும் வட்டும் வெற்று வட்டும் ஒன்றுதான். என்டிஎஃப்எஸ் 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. மேக் அதை வாசிக்கும். ஆனால் தானாக எழுதாது. என் கணவர் தன் கணினியிலிருந்து படங்களை இழுத்துப் போட முயன்றபோதெல்லாம் எதுவும் நடக்கவில்லை. வட்டு பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி, ஒரு வாரம் கம்பியை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தோம். பழுது எதுவும் இல்லை.

லினக்ஸ் என்டிஎஃப்எஸ் வட்டை வாசிக்கும், எழுதவும் செய்யும் என்று அறிந்திருந்ததால் என் பக்கம் சிக்கல் வராது என நம்பினேன். சில நாட்கள் சரியாக எழுதும். சில நாட்கள் எழுத விடாது. இதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் போயின. விண்டோஸ் 8 முதல் வந்த விரைவுத் தொடக்கம் என்ற வசதியால், கணினியை அணைக்கும்போது அது முழுமையாக அணைவதில்லை. தன் மையப் பகுதியான உட்கருவின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டுப் பாதித் தூக்கத்தில் கிடக்கிறது. அப்போது செருகியிருந்த வன்தட்டு, இன்னும் விண்டோஸின் பயன்பாட்டில் இருப்பதாகவே குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பிடுங்கி லினக்ஸில் செருகினால், குழப்பம் நேரக்கூடாது என்பதற்காக லினக்ஸ் எழுத மறுக்கிறது. மறுப்பது நம் நன்மைக்குத்தான் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. என்டிஎஃப்எஸ் வட்டை இரண்டுக்கும் நடுவே எடுத்துச் செல்வதாக இருந்தால், விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளில் விரைவுத் தொடக்கத்தை நீக்கிவிடுங்கள். நீக்க விருப்பமில்லை என்றால், வட்டைப் பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்து, அது சம்மதித்த பிறகே கம்பியைக் கழற்றுங்கள்.

எல்லோரும் எழுதக்கூடிய கோப்பு முறைமை எது என்று தேடியபோது முதலில் கண்ணில் பட்டது ஃபேட்32. அதை எந்தக் கணினியும் வாசிக்கும் என்று படித்த உடனே, 900 ஜிகாபைட்டையும் மூன்று கணினிகளின் உள்வட்டுகளில் பகுதி பகுதியாக ஒதுக்கிவைத்தேன். ஒரு வட்டை வெறுமையாக்கிப் புதிய கோப்பு முறைமைக்கு மாற்றும் விண்டோஸின் ஃபார்மேட் சாளரம் 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட வட்டுகளுக்கு ஃபேட்32-ஐக் காட்டவில்லை என்பதால், மேக்கில் வைத்து ஃபார்மேட் செய்தேன். அந்தத் தயக்கத்திலேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். திருப்பி நகலெடுக்கத் தொடங்கிச் சில மணி நேரம் ஆன பிறகு, 7 ஜிகாபைட் அளவுள்ள ஒரு காணொளியில் வேலை நின்றுபோனது. ஃபேட்32-இல் கோப்பின் அளவைக் குறித்துவைக்க 32 பிட் இடமே உண்டு; ஆகவே ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தொட முடியாது. வட்டில் ஆயிரம் ஜிகாபைட் காலியாகக் கிடந்தாலும், இடம் போதவில்லை என்பதுபோன்ற ஒரு செய்தியைத்தான் நாம் பார்ப்போம். இன்னொரு தொல்லையும் உண்டு. ஃபேட் முறைமை கோப்பு மாற்றப்பட்ட நேரத்தை 2 விநாடிக்கு ஒருமுறை என்ற துல்லியத்தில்தான் பதிகிறது. அதுவும் உள்ளூர் நேரமாக. இரண்டு இடங்களை ஒப்பிட்டு, மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் மென்பொருளுக்கு, மாறாத கோப்புகளும் மாறியவையாகத் தோன்றக்கூடும். என் மென்பொருள் அப்படித்தான் ஆயிரக்கணக்கான படங்களை மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் நான் செய்த பெரிய தவறு வருகிறது. பொறுமை இழந்துபோன நான், இந்த வட்டை அதிகம் பயன்படுத்துவது நான்தானே என்று எண்ணி, லினக்ஸின் சொந்த முறைமையான எக்ஸ்ட்4-இல் ஃபார்மேட் செய்துவிட்டேன். மற்ற இரண்டு கணினிகளிலும் அதை வாசிக்கும் மென்பொருளைப் பிறகு நிறுவிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. கோப்புகளெல்லாம் வட்டுக்குத் திரும்பியதும், உள்வட்டுகளில் ஒதுக்கிவைத்திருந்த நகல்களை இடத்தை அடைக்கின்றனவே என்று அழித்துவிட்டேன். அந்த நொடியிலிருந்து பாட்டியின் குரல் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருந்தது. அந்த ஓர் இடத்தை வாசிக்க வீட்டில் ஒரே ஒரு கணினிக்குத்தான் தெரியும். இந்த இரண்டு செய்திகளும் வீட்டில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மூன்று வாரம் கழித்து, நான் அலுவலகத்தில் இருந்தபோது அப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது. "இத ஃபார்மேட் பண்ணாத்தான் தொறக்கும்னு சொல்லுச்சும்மா. சரின்னு குடுத்தேன். இப்ப உள்ள ஒண்ணுமே இல்லையே" என்றார். அவர் குரலில் பதற்றம்கூட இல்லை. ஏதோ ஒரு படி விட்டுப்போயிருக்கிறது, நான் வந்து சரிசெய்துவிடுவேன் என்ற நம்பிக்கைதான் இருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. தன்னால் வாசிக்க முடியாத முறைமையில் உள்ள வட்டைச் செருகினால், அதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று விண்டோஸ் கேட்கும். ஆம் என்றால் ஒரு சாளரம் திறக்கும். தொடங்கு என்றால் எல்லாம் அழியும் என்று எச்சரிக்கும். அதற்கும் சரி என்றால் சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும். மூன்று சொடுக்குகள். தன் அம்மாவின் குரலைக் கேட்க ஆசைப்பட்டு வட்டைச் செருகிய ஒருவர், கணினி கேட்டதற்கெல்லாம் சரி என்றதைக் குற்றமாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த வட்டை வேறு முறைமைக்கு மாற்றியதையும், இப்படி ஒரு கேள்வி வந்தால் வேண்டாம் என்று சொல்லி வட்டைக் கழற்றிவிடுங்கள் என்பதையும் நான்தான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஒரு வரியை இன்றைக்கே உங்கள் வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்: ஃபார்மேட் செய்யவா என்று எந்தக் கணினி கேட்டாலும், வேண்டாம் என்பதே பதில்.

அன்றிரவு நான் செய்த அடுத்த தவறு, முதல் தவறைவிடக் கொடியது. விரைவு ஃபார்மேட் என்பது வட்டு முழுவதையும் துடைப்பதில்லை. பழைய கணக்குப் புத்தகத்தின் மீது புதிய, வெற்றுக் கணக்கு ஒன்றை எழுதுகிறது. சுழலும் தட்டுகளைக் கொண்ட வன்தட்டில், மேலே புதிதாக ஏதாவது எழுதப்படும் வரை பழைய தரவின் பெரும்பகுதி அப்படியே கிடக்கும். இதை அறியாத நான், மீட்பு மென்பொருள் ஒன்றைப் பதிவிறக்கி ஓடவிட்டேன். அது கண்டெடுத்த கோப்புகளை எங்கே சேமிக்கட்டும் என்று கேட்டபோது, மேசைக்கணினியில் இடமில்லை என்று அதே வன்தட்டைக் காட்டினேன். மீட்கப்பட்ட ஒவ்வொரு கோப்பும், மீட்கப்படக் காத்திருந்த இன்னொரு கோப்பின் மேல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் அது ஓடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. போன 41 பதிவுகளில் எத்தனை அப்பாவின் மூன்று சொடுக்குகளால் போயின, எத்தனை என்னுடைய இரண்டு மணி நேரத்தால் போயின என்பதை இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்படி ஒன்று நேர்ந்தால் முதல் வேலை வட்டைக் கழற்றி வைப்பது. அடுத்து, அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஆன இன்னொரு வட்டு வாங்கி, பழுதுபட்ட வட்டை முதல் பைட்டிலிருந்து கடைசிப் பைட்டு வரை அப்படியே படியெடுத்து, மீட்பு முயற்சிகள் அனைத்தையும் அந்தப் படியின் மீது மட்டும் செய்ய வேண்டும். மீண்டவற்றை மூன்றாவதாக ஓர் இடத்தில் சேமிக்க வேண்டும். உங்களுடையது சுழலும் தட்டுகள் இல்லாத எஸ்எஸ்டி வட்டாக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். ஃபார்மேட் செய்யும்போதே, இந்த இடங்களெல்லாம் இனி வேண்டாதவை என்று வட்டுக்கு அறிவிக்கப்படுவதுண்டு. வட்டும் அவற்றைத் தானாகவே துடைத்துவிடக்கூடும். அதன்பிறகு மீட்க எதுவும் இருக்காது.

இறுதியில் தரவு மீட்பு நிறுவனம் ஒன்றிடம் வட்டைக் கொடுத்தேன். ஒன்பது நாட்கள் காத்திருந்தேன். என் மாதச் சம்பளத்தில் சரிபாதி போனது. அது தவிர மீண்ட கோப்புகளுக்காகப் புதிய வட்டு ஒன்றும் வாங்க வேண்டியிருந்தது. 271 ஒலிப்பதிவுகள் வந்தன. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. எல்லாம் வெறும் எண்கள். கோப்பின் பெயரும் தேதியும் கோப்புக்குள் இருப்பதில்லை, கோப்பு முறைமையின் கணக்கில் இருக்கின்றன. அந்தக் கணக்கு போனால் பெயரும் போகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். புகைப்படங்களுக்குள்ளேயே கேமரா எடுத்த தேதியைப் பதிந்துவைப்பதால் அவற்றை ஓரளவு வரிசைப்படுத்த முடிந்தது. பாட்டியின் பதிவுகளுக்கு அந்த வசதியும் இல்லை. ஒவ்வொன்றையும் திறந்து, முதல் இரண்டு நிமிடம் கேட்டு, எந்தக் கதை என்று கண்டுபிடித்துப் பெயரிட வேண்டும். முதல் நாள் நான் திறந்த கோப்பில் பாட்டி, "ரெக்கார்டு ஆகுதா?" என்று கேட்கிறார், நான் "ஆகுது பாட்டி, சொல்லுங்க" என்கிறேன், அதோடு பதிவு அறுந்துவிடுகிறது. துண்டு துண்டாகக் கிடந்த கோப்புகள் முழுமையாக மீள்வதில்லை என்று நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அதற்கு மேல் எதையும் திறக்க என்னால் முடியவில்லை.

மீண்டவற்றை இரண்டு இடங்களில் நகலெடுத்து வைத்த பிறகு, பழைய வட்டை எக்ஸ்ஃபேட் முறைமையில் ஃபார்மேட் செய்தேன். வட்டைக் கையில் எடுத்துச் சென்றுதான் பகிர வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு இன்றும் நான் சொல்வது எக்ஸ்ஃபேட்தான். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்த இந்த முறைமையில் 4 ஜிகாபைட் தடை இல்லை. விண்டோஸும் மேக்கும் கூடுதலாக எதையும் நிறுவாமலே இதில் எழுதும்; 2019-இல் மைக்ரோசாஃப்ட் இதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸின் உட்கருவுக்குள்ளேயே இதற்கான ஆதரவு வந்துவிட்டது. ஆனாலும் இதன் பலவீனங்களை அறிந்தே பயன்படுத்த வேண்டும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 போன்றவை தாங்கள் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துப் பிறகு செய்கின்றன. நடுவில் மின்சாரம் போனாலும் குறிப்பேட்டைப் பார்த்து அமைப்பைச் சீர்செய்துகொள்கின்றன. எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தக் குறிப்பேடு இல்லை. லினக்ஸில் நகலெடுக்கும் பட்டை முழுதாக நிறைந்துவிட்டதைப் பார்த்து ஒருநாள் கம்பியைக் கழற்றினேன். உண்மையில் தரவின் ஒரு பகுதி இன்னும் நினைவகத்தில்தான் காத்திருந்திருக்கிறது. மறுநாள் அந்தக் கோப்புறையை எந்தக் கணினியாலும் திறக்க முடியவில்லை. இம்முறை வேறு நகல் இருந்ததால் உயிர் பிழைத்தேன். வெளியேற்றும் கட்டளை கொடுத்து, கழற்றலாம் என்ற செய்தி வந்த பிறகும், வட்டின் சிறுவிளக்கு துடிப்பது நிற்கும் வரை காத்திருப்பது இப்போது என் வழக்கமாகிவிட்டது.

எக்ஸ்ஃபேட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட வட்டை விண்டோஸ் வழக்கப்படி ஃபார்மேட் செய்தால், இடத்தை 128 கிலோபைட் கட்டங்களாகப் பிரிக்கிறது. 2 கிலோபைட் கோப்பும் ஒரு முழுக் கட்டத்தை எடுத்துக்கொள்ளும். நிரல் எழுதுபவர்கள், லட்சக்கணக்கான சிறு கோப்புகள் வைத்திருப்பவர்கள் அவற்றை ஒரே சுருக்கக் கோப்பாகக் கட்டி வைத்தால் இடம் மிச்சமாகும்.

பெயர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் பெயரிடுபவர்களுக்கு இதில் சில கண்ணிகள் இருக்கின்றன. விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி, சாய்கோடு, இரட்டை மேற்கோள் போன்றவை வரக்கூடாது. லினக்ஸில் சாய்கோட்டைத் தவிர மற்றவை எல்லாம் வரலாம். மீண்ட கதைகளுக்குப் பெயரிடும்போது, பாட்டி கேட்ட கேள்விகளையே பெயராக வைத்திருந்தேன். எக்ஸ்ஃபேட் வட்டுக்கு நகலெடுத்தபோது அவை எல்லாம் பெயர் செல்லாது என்று நின்றுவிட்டன.

அடுத்தது நீளம். எக்ஸ்ட்4-இல் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். என்டிஎஃப்எஸ் 255 என்று எண்ணுவது பைட்டுகளை அல்ல, எழுத்துக் குறிகளை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும் என்பதால் ஆங்கிலத்தில் பெயரிடுபவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு செலவாகிறது. "பாட்டி" என்பது நமக்கு மூன்றெழுத்து, கால், புள்ளி, கொக்கி எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் குறிகளாக எண்ணினால் 6, பைட்டுகளாக எண்ணினால் 18. ஆகவே எக்ஸ்ட்4-இல் தமிழ்ப் பெயர் 85 குறிகளுக்கு மேல் போக முடியாது. விண்டோஸில் அப்பா நீளமாக ஒரு முழு வாக்கியத்தையே பெயராக வைத்திருந்த கோப்புகள் லினக்ஸுக்கு வரும்போது திரும்பத் திரும்பத் தோற்றதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது சிக்கல் என்னைத் திகைக்க வைத்தது. மேக்கில் சுருக்கிக் கட்டிய பழைய கோப்புறை ஒன்றை லினக்ஸில் விரித்தபோது, "தோட்டம்" என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அடுத்தடுத்து நின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்க முடியும்? கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் பொதுக் குறிமுறையான யுனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் பழைய முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களை இப்படிப் பிரித்தே சேமித்தது; லினக்ஸோ பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுகிறது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய உயிர்மெய்கள் வரும் எந்தப் பெயரிலும் இது நேரலாம். தேடலில் ஒரு கோப்பு அகப்படவில்லை என்றால் அது தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டாமல், இந்த எழுத்துகள் இல்லாத வேறொரு சொல்லைக் கொண்டு தேடிப்பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான், வட்டைத் தூக்கிக்கொண்டு கணினி கணினியாக அலைவதே தேவையற்றது என்ற எளிய உண்மை எனக்குப் புரிந்தது. வீட்டு வலையமைப்பின் வழியாகப் பகிரும்போது கோப்பு முறைமை என்ற கேள்வி பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. வட்டு எந்தக் கணினியில் செருகப்பட்டிருக்கிறதோ, அந்தக் கணினி மட்டும் அந்த முறைமையை அறிந்திருந்தால் போதும். மற்ற கணினிகள், இந்தப் பெயருள்ள கோப்பைக் கொடு, இதை வைத்துக்கொள் என்று எஸ்எம்பி என்ற நெறிமுறையில் கேட்கின்றன. எக்ஸ்ட்4-இல் எழுதுவதா, மேக்கின் புதிய முறைமையான ஏபிஎஃப்எஸ்-இல் எழுதுவதா என்பது வைத்திருப்பவரின் கவலை. இந்த நெறிமுறையை விண்டோஸும் மேக்கும் இயல்பாகவே பேசும். லினக்ஸுக்கு சாம்பா என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-இல் தொடங்கியது அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவரும் ஒரு தீர்வை அறியாமல் வட்டைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேனே என்று எனக்கு அழுகையே வந்தது.

பரணில் கிடந்த பழைய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவி, வட்டை எக்ஸ்ட்4-இல் அதனோடு நிரந்தரமாக இணைத்து, சாம்பாவை அமைத்தேன். இது ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான்கு மாலைகள் ஆயின. தடுமாறிய இடங்களைச் சொல்கிறேன். சாம்பாவுக்கென்று தனிக் கடவுச்சொல் இருக்கிறது. லினக்ஸ் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதாது. பகிர்வில் அனுமதி கொடுத்தாலும், அந்தக் கோப்புறையின் மீது அந்தப் பயனருக்கு உரிமை இல்லாவிட்டால் உள்ளே விடாது. இரண்டு கதவுகளும் திறந்திருக்க வேண்டும். விண்டோஸ் கணினியிலிருந்து ஒரு கோப்புறையைப் பகிர நினைத்தால், வலையமைப்பு தனிப்பட்டது என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொது என்று இருந்தால் மற்றவற்றுக்கு அது தென்படாது. உள்நுழைவுக்குத் தினமும் தட்டும் நான்கு இலக்கப் பின் எண் வலையமைப்பில் செல்லாது. கணக்கின் உண்மையான கடவுச்சொல்லையே கொடுக்க வேண்டும். ஒருமுறை தவறான கடவுச்சொல்லைச் சேமிக்கச் சொல்லிவிட்டால், விண்டோஸ் அதையே ஒவ்வொரு முறையும் அனுப்பும். சான்றுகள் மேலாளரைத் திறந்து அந்தப் பதிவை அழித்த பிறகுதான் எனக்கு வழி பிறந்தது. மேக்கில் கோப்புப் பகிர்வை இயக்கினால் மட்டும் போதாது. அதன் விருப்பங்களுக்குள் சென்று, விண்டோஸோடு பகிரும் கணக்குக்கு எதிரே குறியிட வேண்டும்.

கணினிகள் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை என்றால், அவற்றில் ஒன்று ரூட்டரின் விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். விருந்தினர் வலையில் உள்ளவற்றை மற்றவற்றிலிருந்து ரூட்டரே பிரித்துவைக்கும். வட்டை வைத்திருக்கும் கணினிக்கு ரூட்டரில் ஒரு நிலையான முகவரியை ஒதுக்குங்கள். பெயரால் தேடிக் கிடைக்காத நாட்களில் அந்த எண் கைகொடுக்கும். மடிக்கணினி என்றால், மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைத்துவிடுங்கள்.

பழைய வழிகாட்டிகள் சில, எஸ்எம்பி 1-ஐ இயக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கின்றன. அதைச் செய்யாதீர்கள். 2017-இல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிய வான்னாக்ரை என்ற தீநிரல், அந்தப் பழைய பதிப்பைக் கையாண்ட விதத்திலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு முதல் புதிய விண்டோஸ் நிறுவல்களில் அது இயல்பாக இடம்பெறுவதில்லை. இந்தப் பகிர்வு பயன்படுத்தும் 445-ஆம் எண் வாயிலை ரூட்டர் வழியாக வெளி இணையத்துக்குத் திறந்துவிடுவதும் அதே அளவு ஆபத்து.

முதல்முறை அனைத்தையும் ஏற்றியபோது விநாடிக்கு 11 மெகாபைட் வேகம்தான் வந்தது; 900 ஜிகாபைட்டுக்கு ஏறக்குறைய 23 மணி நேரம். இந்த எண்ணே காரணத்தைச் சொல்கிறது: 100 மெகாபிட் இணைப்பின் உச்சம் அதுதான். வலைக்கம்பியின் முனையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே எட்டு நிற இழைகளில் பழுப்பு நிற இழை ஒன்று பற்களைத் தொடாமல் பின்வாங்கி இருந்தது. ஜிகாபிட் வேகத்துக்கு எட்டு இழைகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும் என்பதால் கருவிகள் ஓசையின்றிக் கீழிறங்கிவிடுகின்றன. கம்பியை மாற்றியதும் வேகம் 100 மெகாபைட்டை நெருங்கியது. பெரிய வேலைகளுக்கு வைஃபையை நம்பாமல் கம்பியைப் பயன்படுத்துங்கள். அந்தக் கம்பியையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

பகிர்வு என்பது நகல் ஆகாது என்பதையும் மறக்கக்கூடாது. வலையமைப்புப் பகிர்வில் உள்ள கோப்பை விண்டோஸிலிருந்து அழித்தால், அது வழக்கமான குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை, அழிந்தேவிடும். அதனால் அப்பாவின் கணக்குக்கும் கணவரின் கணக்குக்கும் பாட்டியின் கோப்புறையைப் படிக்க மட்டும் அனுமதித்திருக்கிறேன். புதியவற்றைப் போட வேறொரு கோப்புறை இருக்கிறது. ஞாயிறுதோறும் இரண்டாவது வட்டு ஒன்றைச் செருகி நகலெடுத்து, கழற்றி, அலமாரியில் வைக்கிறேன். அதன் மேல் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: லினக்ஸ் மட்டும், வேறு கணினியில் செருக வேண்டாம்.

பெயர் தெரியாத பதிவுகள் இன்னும் 63 இருக்கின்றன. அவற்றில் வரும் ஊர்களும் உறவுகளும் எனக்குப் பிடிபடவில்லை, அப்பாவுக்குத் தெரிகின்றன. இரவில் அவர் தன் மேசைக்கணினியில் அந்தக் கோப்புறையைத் திறந்து, ஒன்றோ இரண்டோ கேட்டு, எந்த எண் எந்தக் கதை என்று ஒரு தாளில் எழுதி என் மேசையில் வைத்துவிடுகிறார். காலையில் நான் பெயரை மாற்றுகிறேன். நேற்றைய தாளில் ஓர் எண்ணுக்கு எதிரே, "இது கதை இல்லை, என்னைத் திட்டுகிறாள்" என்று எழுதியிருந்தார். அதையே பெயராக வைத்தேன்.